எண்டொஸ்கொப்பிக்குத் துண்டு தந்தால்: பயப்படாமல் போங்கள், முடிவை எடுக்காமல் விடாதீர்கள்

(திருகோணமலை நகரில் நடந்த தொழிலாளர் கல்வி வகுப்பில், எண்டொஸ்கொப்பிப் பிரிவில் பல வருடம் கடமையாற்றிய தாதி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. வகுப்பில் தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும், தோட்டங்களிலிருந்து வந்து திருகோணமலை மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் கலந்துகொண்டார்கள்.)



இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். கோணேசர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் போகும் அவசரமும் இருக்கிறது. அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன். சம்பளம், சேமலாபம், வீட்டுக் காணி பற்றியெல்லாம் காலையில் பேசியாயிற்று. நான் பேசப்போவது வயிற்றைப் பற்றி.

நம்முடைய ஆட்களுக்கு வயிற்றில் என்ன வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: கேஸ்ட்ரைட்டிஸ். நெஞ்சு எரிந்தால் கேஸ்ட்ரைட்டிஸ், சாப்பாடு இறங்காவிட்டால் கேஸ்ட்ரைட்டிஸ், வாந்தி வந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ். தோட்ட ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை, கடையில் ஒரு மாத்திரை, பக்கத்து லயத்து அக்கா கொடுக்கும் ஒரு மாத்திரை. இப்படியே வருடங்கள் போகின்றன. பத்தில் பல பேருக்கு அது சாதாரண எரிவாகத்தான் இருக்கும். மிச்சம் உள்ள சிலருக்கு அது புண்ணாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். வெளியில் இருந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்ல எந்த டொக்டராலும் முடியாது. உள்ளே பார்க்க வேண்டும். அதற்குத்தான் எண்டொஸ்கொப்பி.

நான் கண்ட ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். ஐம்பது வயது கடந்தவர். முதலில் ரொட்டி நெஞ்சில் நின்றது. தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டார். பிறகு சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். பிறகு கஞ்சி மட்டும். எண்டொஸ்கொப்பிக்குத் திகதி கொடுத்தார்கள். முதல் திகதிக்கு வரவில்லை, கொழுந்து அதிகமாக இருந்த மாதம். இரண்டாம் திகதிக்கும் வரவில்லை, துணைக்கு வரும் மகளுக்கும் சேர்த்து இரண்டு பேர் போய்விடும் என்று நினைத்தார். எட்டு மாதம் கழித்து வந்தபோது தண்ணீரும் இறங்கவில்லை. உணவுக்குழாயில் கட்டி. வெட்டி எடுக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. கஞ்சி இறங்குவதற்கு உள்ளே ஒரு வலைக்குழாய் வைத்துவிட முடிந்தது, அவ்வளவுதான். முதல் திகதிக்கே வந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டொக்டர்மாருக்குச் செய்வதற்கு இன்னும் பல வழிகள் இருந்திருக்கும்.

இலங்கையில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் ஒன்று. ஆண்களுக்கும் வருகிறது, பெண்களுக்கும் வருகிறது. அதனால்தான் இந்தப் பரிசோதனையைப் பற்றி நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

எதைப் பார்க்கிறார்கள்?

வாயிலிருந்து கீழே போகும் பாதையில் மூன்று இடங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று உணவுக்குழாய், பள்ளிக்கூடப் புத்தகத்தில் களம் என்று இருக்கும். இரண்டாவது இரைப்பை. மூன்றாவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. பார்ப்பதற்குப் பயன்படுவது வளையக்கூடிய ஒரு குழாய். ஏறக்குறைய சுண்டுவிரல் தடிப்பு. நுனியில் விளக்கும் சிறிய கமராவும் இருக்கும். உள்ளே தெரிவது டீவி மாதிரி ஒரு திரையில் தெரியும். அதே குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு ஒரு துணுக்குச் சதையும் எடுக்கலாம், இரத்தம் வடியும் புண்ணை மூடவும் செய்யலாம். வயிற்றை வெட்டுவதில்லை. தையல் இல்லை.

இந்தக் கருவி இந்த நிலைக்கு வர நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. 1868இல் ஜெர்மனியில் குஸ்மௌல் என்ற டொக்டர், வாளை விழுங்கி வித்தை காட்டும் ஒருவரின் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயை விட்டுப் பார்த்தார். சாதாரண மனிதருக்கு அது முடியாத காரியம். வளையும் கண்ணாடி நார்களால் குழாய் செய்து, 1957இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டொக்டர் முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். இன்றைக்கு நமக்கு வருவது அதைவிட மெல்லியது, மென்மையானது. வித்தைக்காரனாக இருக்கத் தேவையில்லை.

யாருக்கு அவசரம்?

நெஞ்சு எரிகிற எல்லாருக்கும் எண்டொஸ்கொப்பி தேவையில்லை. வயது குறைந்தவர், வேறு அறிகுறி இல்லாதவர் என்றால் டொக்டர் முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்பார். அது சரியான முறைதான். ஆனால் பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது:

* சாப்பாடு விழுங்கக் கஷ்டம். முதலில் ரொட்டி, பிறகு சோறு, பிறகு தண்ணீர் என்று கூடிக்கொண்டே போவது.
* காரணமில்லாமல் உடம்பு மெலிவது. போன வருடத்துச் சட்டை தொளதொளவென்று ஆவது.
* இரத்த வாந்தி, அல்லது கோப்பித்தூள் கலந்த மாதிரி வாந்தி.
* தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டும் தன்மையுடன், நாற்றத்துடன் மலம் போவது.
* இரத்தம் குறைவு என்று சொல்லியும் காரணம் தெரியாமல் இருப்பது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது முக்கியமான அறிகுறி.
* வாந்தி நிற்காமல் தொடர்வது.
* 55, 60 வயதுக்கு மேல் முதல் தடவையாக வயிற்றுக் கோளாறு தொடங்குவது.

இதில் இரண்டு விடயம் விளக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை குடிப்பவர்களுக்கும் மலம் கறுப்பாகப் போகும். அது இரத்தம் அல்ல. ஆனால் நீங்களாக முடிவெடுக்காமல், மாத்திரை குடிக்கும் விடயத்தை டொக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

மற்றது, நம் பெண்களுக்கு இரத்தக்குறைவு சாதாரணமாகிவிட்டது. களைப்பு, தலைச்சுற்று என்று சொல்லிக்கொண்டே மலை ஏறுகிறார்கள். இரும்புச்சத்து நீண்ட காலம் குறைவாக இருந்தால் சிலருக்கு உணவுக்குழாயின் மேல் பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து பாதையைக் குறுக்கும். எண்டொஸ்கொப்பி செய்யும்போதே அதை விரித்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு. ஆகவே இரத்தக்குறைவும் விழுங்கும் கஷ்டமும் சேர்ந்திருந்தால் மாதர் சங்கத் தலைவிகள் அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

போவதற்கு முன்னால்

ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். இரைப்பையில் சாப்பாடு இருந்தால் ஒன்றும் தெரியாது. அதைவிட, வாந்தி வந்து அது சுவாசப்பைக்குள் போனால் ஆபத்து. இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிடுங்கள். வெறும் தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம் என்று துண்டு தரும் இடத்திலேயே கேளுங்கள்.

நம்மில் பலர் தடுக்கி விழுவது விடியற்காலைத் தேத்தண்ணியில். "சாப்பிடவில்லை மிஸ்ஸி, பால் தேத்தண்ணி மட்டும் ஒரு கோப்பை குடித்தேன்" என்பார்கள். பால் சேர்ந்தால் அது சாப்பாடுதான். பிளேன்டீயும் வேண்டாம். வெற்றிலையும் போட வேண்டாம். மென்றால் எச்சில் ஊறும், சாறும் பாக்குத் துகளும் உள்ளே இறங்கும். இதற்காகத் திருப்பி அனுப்பினால் மறுபடி திகதி, மறுபடி பஸ், மறுபடி ஒரு பேர் நட்டம்.

மருந்து குடிப்பவர்கள் குடிக்கும் எல்லா மருந்தையும், அட்டையோடு ஒரு பையில் போட்டு முதல் நாளே காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள், அதாவது வோர்பரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் மாதிரியானவை பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இருதயத்துக்கு அது தேவையாக இருக்கலாம். சீனி வியாதிக்காரர் வெறும் வயிற்றில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சீனி இறங்கி மயங்கி விழலாம். அன்றைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேளுங்கள். பிரஷர் மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு குடிக்கச் சொல்வது வழக்கம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரைகள் சில பரிசோதனைகளின் முடிவை மாற்றிவிடும். அதனால் இரண்டு வாரம் முன்னால் நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

கட்டுப்பல், ஆடும் பல், முட்டு வருத்தம், இருதய நோய், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது ஏற்பட்ட பிரச்சினை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மயக்க மருந்தின் அளவுக்கு அது தெரிய வேண்டும்.

கையெழுத்து வாங்க ஒரு தாள் தருவார்கள். என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து என்று விளக்கிய பிறகுதான் கையெழுத்தோ பெருவிரலோ வைக்க வேண்டும். விளக்கம் தமிழில் கேளுங்கள். 1987இல் இருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கேட்பது உங்கள் உரிமை. மரியாதையாகக் கேளுங்கள், விளங்கும் வரை கேளுங்கள். தமிழ் தெரிந்த தாதியோ சிற்றூழியரோ அநேகமாக அந்த வார்ட்டில் யாராவது இருப்பார்.

உள்ளே என்ன நடக்கும்?

முதலில் தொண்டையில் ஒரு மருந்து அடிப்பார்கள். கசக்கும். ஒரு நிமிடத்தில் தொண்டை மரத்துப்போகும். விழுங்க முடியாத மாதிரி, தொண்டை வீங்கின மாதிரி இருக்கும். வீங்கவில்லை, மரத்திருக்கிறது. சிலருக்குக் கையில் ஊசி ஏற்றித் தூக்கம் வரும் மருந்து கொடுப்பார்கள். சில இடங்களில் தொண்டை மருந்து மட்டும்தான். எது உங்களுக்கு என்று கேளுங்கள்.

இடது பக்கமாகப் படுக்க வைப்பார்கள். பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். குழாய் நாக்கைத் தாண்டும்போது ஒரு தடவை விழுங்கச் சொல்வார்கள். குமட்டும். அந்தச் சில விநாடிதான் கஷ்டமான நேரம். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வயிறு விரிவதற்காகக் காற்று விடுவார்கள், அதனால் ஏப்பம் வரும். வரட்டும், வெட்கப்பட வேண்டாம். எச்சிலை விழுங்காமல் வாயோரம் வழிய விடுங்கள், நாங்கள் துடைப்போம். கண்ணை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். குழாயைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். தாங்க முடியாவிட்டால் கையை உயர்த்துங்கள்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஐந்து முதல் பதினைந்து நிமிடம். சதைத் துணுக்கு எடுத்தாலும் வலி தெரியாது, இரைப்பையின் உள் தோலுக்குக் கிள்ளுவது உறைக்காது.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் மிகக் குறைவு. குழாயால் துளை விழுவதும் பெரிய இரத்தப்போக்கும், பார்ப்பதற்கு மட்டும் செய்யும் எண்டொஸ்கொப்பியில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கும். தூக்க மருந்தால் மூச்சு மெதுவாகலாம். அதற்காகத்தான் விரலில் ஒரு கிளிப் மாட்டி ஒக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

முடிந்த பிறகு

தொண்டை மரத்திருக்கும் வரை ஒன்றும் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அதற்கு முன் குடித்தால் புரைக்கேறிச் சுவாசப்பைக்குள் போகும். முதலில் ஒரு மிடறு குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பாருங்கள், சரியாக இறங்கினால் பிறகு சாப்பாடு. தொண்டை நோவும் வயிறு ஊதலும் ஒரு நாள் இரண்டு நாள் இருக்கும்.

தூக்க ஊசி போட்டவர் தனியாகப் பஸ் ஏறக் கூடாது. துணை கட்டாயம். 24 மணித்தியாலத்துக்கு மோட்டார் சைக்கிள், ஓட்டோ ஓட்டக் கூடாது. கவ்வாத்துக் கத்தி பிடிக்கக் கூடாது, ஃபெக்டரி மெஷினில் நிற்கக் கூடாது. நெத்தான மலையில் கொழுந்து எடுக்கவும் வேண்டாம். முக்கியமான தாளில் கையெழுத்தும் வைக்க வேண்டாம். தெளிந்த மாதிரி இருக்கும், ஆனால் மருந்து உடம்பில் இருக்கும்.

நெஞ்சிலோ கழுத்திலோ வயிற்றிலோ கடுமையான வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், இரத்த வாந்தி, தார் மாதிரி மலம், இவற்றில் ஒன்று வந்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

முடிவை எடுக்காமல் விடாதீர்கள்

நான் வந்ததே இதைச் சொல்லத்தான். எண்டொஸ்கொப்பி செய்த அன்றே கண்ணால் கண்டதை எழுதித் தருவார்கள். ஆனால் சதைத் துணுக்கு எடுத்திருந்தால் அது ஆய்வுகூடத்துக்குப் போகும். அதன் முடிவு வர நாளாகும், சில நேரம் வாரக்கணக்காகும். பயொப்சி எடுத்தார்கள் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. புண், வீக்கம், கிருமி எல்லாவற்றுக்கும் எடுப்பார்கள். ஆனால் அது புற்றுநோயா இல்லையா என்று சொல்வதும் அந்தத் துணுக்குத்தான்.

மருந்து குடித்து வலி நின்றுவிட்டது, இனி எதற்குப் போக வேண்டும் என்று பலர் முடிவை வாங்க வருவதில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுநோய்ப் புண்ணின் வலியையும் கொஞ்ச நாள் குறைக்கும். வலி நின்றதை வைத்து நோய் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: துணுக்கு எடுத்தீர்களா? முடிவு எந்தத் திகதி, எந்த இடத்தில் எடுக்கலாம்? அதை யாரிடம் காட்ட வேண்டும்? பதிலைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரைப்பையில் புண் என்று சொன்னால் பெரும்பாலும் 8 முதல் 12 வாரத்தில் மறுபடி குழாய் விட்டு ஆறிவிட்டதா என்று பார்ப்பார்கள். அந்தத் திகதியையும் விடக் கூடாது.

சிலருக்கு ஹெலிக்கோபெக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதாக வரும். புண்ணுக்கு உறைப்பும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நினைத்திருந்தது. அவுஸ்திரேலியாவில் பெரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரண்டு டொக்டர்கள் இந்தக் கிருமிதான் பல புண்களுக்குக் காரணம் என்று காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வயிறு நொந்து வாந்தி வந்தது. எண்டொஸ்கொப்பி செய்து பார்த்தபோது இரைப்பையில் அழற்சியும் கிருமியும் தெரிந்தன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இதில் பாடம் என்னவென்றால், அந்தப் புண்ணுக்கு மருந்து உண்டு. பொதுவாக 14 நாள் குடிக்க வேண்டும். நாலாம் நாள் சுகம் என்று நிறுத்தினால் கிருமி சாகாது, அடுத்த தடவை மருந்துக்கும் அடங்காது.

புண் வராமல் இருக்க

இடுப்பு வலி, முழங்கால் வலி என்று டைக்ளோபெனாக், இபுபுரூபன் மாதிரி மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் குடிக்கிறோம். இரைப்பையில் புண் போட்டு இரத்தம் வடிய வைப்பதில் இவை முதன்மையானவை. பனடோல் அந்த வகை இல்லை, ஆனால் அதற்கும் அளவு உண்டு. கூடை சுமந்து வரும் வலிக்கு டொக்டரைக் கேட்டு மருந்து எடுங்கள்.

வெற்றிலை கொழுந்து மலையில் நமக்குத் துணை. குளிருக்கும் பசிக்கும் அதுதான் என்பீர்கள். வெற்றிலையோடு போகும் பாக்கும் புகையிலையும்தான் பிரச்சினை. புகையிலை இல்லாமல் போட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் முடிவு செய்திருக்கிறது. வாயில் மட்டுமல்ல, உணவுக்குழாயிலும் பாதிப்பு வரும். சாராயம், கசிப்பு, பீடி, சிகரெட் இவையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். குடியால் ஈரல் சுருங்கினால் உணவுக்குழாயில் நரம்பு புடைத்து, ஒரு நாள் வெடித்துக் குடம் குடமாக இரத்தம் வரும். அப்போதும் எண்டொஸ்கொப்பியால்தான் அந்த நரம்பைக் கட்டி உயிரைக் காப்பாற்றுகிறோம்.

தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலையால் புற்றுநோய் வராது, பயப்பட வேண்டாம். ஆனால் 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்குக் கெடுதி செய்யக்கூடும் என்று அதே முகவரகம் 2016இல் சொன்னது. ஊற்றி நாலைந்து நிமிடம் ஆறவிட்டுக் குடியுங்கள்.

சங்கம் என்ன செய்யலாம்?

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. ஆனாலும் நம் ஆட்கள் வராமல் போவதற்கு ஒரு பேர் நட்டமும் பஸ் காசும் காரணம். ஆகவே கமிட்டித் தலைவர்களிடம் நான் கேட்பது நாலு விடயம்.

ஒன்று, துண்டு கிடைத்தவுடன் தலைவரிடம் காட்டச் சொல்லுங்கள். நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசி, நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் அந்த நாளைச் சரிக்கட்டுங்கள். கடைசி நேரத்தில் பேசினால் முடியாது.

இரண்டு, துணை இல்லாதவருக்குத் துணை ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்று, முடிவு எடுக்கும் திகதியை ஞாபகப்படுத்துங்கள். நோயின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. "அக்கா, இருபதாம் திகதி போகணும்" என்று சொன்னால் போதும். ஒருவருடைய நோயை மஸ்டர் களத்தில் பேசினால் அடுத்தவர் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டார்.

நாலாவது, புற்றுநோய் என்று முடிவு வந்தவரைத் தனியாக விடாதீர்கள். மகரகமவுக்கு மட்டும்தான் போக வேண்டும் என்றில்லை. கண்டி, பதுளை, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டு, முதல் தடவை கூடப் போங்கள்.

கேள்வி நேரம்

ஒரு தாய்: மிஸ்ஸி, குழாய் தொண்டையில இருக்கும்போது மூச்சு முட்டிச் செத்துப் போகமாட்டோமா?

முட்டாது அம்மா. மூச்சுப் போகும் குழாய் வேறு, சாப்பாடு போகும் குழாய் வேறு. கமரா போவது சாப்பாட்டுக் குழாயில். வாய் அடைபட்ட மாதிரி இருப்பதால் பயம் வரும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள்.

ஒரு தலைவர்: ஸ்கேன் பண்ணிப் பார்த்தா போதாதா? குழாய் எதுக்கு?

வயிற்றுக்கு மேலே ஜெல் பூசிப் பார்க்கும் ஸ்கேனில் ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் நன்றாகத் தெரியும். இரைப்பையின் உள் தோலில் இருக்கும் புண் தெரியாது. ஸ்கேன் நல்லது என்று வந்ததை வைத்து எண்டொஸ்கொப்பித் திகதியை விட்டுவிடாதீர்கள் அண்ணே.

ஓர் இளைஞர்: ஒருத்தர் வாயில விட்ட குழாயைத்தானே அடுத்தவருக்கும் விடுறாங்க? வருத்தம் தொத்தாதா?

நல்ல கேள்வி தம்பி. ஒவ்வொருவருக்குப் பிறகும் குழாயை உள்ளும் வெளியும் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து அலசித்தான் அடுத்தவருக்கு எடுக்க வேண்டும். முறையாகச் செய்தால் தொற்றுவது மிக மிக அரிது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள், அது குற்றமில்லை.

ஒரு பெண் தொழிலாளி: எனக்குத் திகதி போன மாசம். போகல. இப்ப போனா ஏசுவாங்களா?

ஏசினாலும் போங்க தங்கச்சி. அதே துண்டையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய், புதுத் திகதி கேளுங்கள். விழுங்கக் கஷ்டம், மெலிவு, இரத்தம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், திகதியை முன்னுக்குப் போடுவார்கள். உங்கள் தலைவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை அவரிடம் அந்தத் துண்டைக் கொடுங்கள்.